பாஸோடு பழகிய வேலைக்குச் சான்றிதழ் எடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 20. சுன்னாகத்தில் இருக்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் சரிவரவில்லை. இரண்டு வருடமாக ஒரு பிளம்மிங் பாஸோடு நாட்கூலிக்குப் போகிறேன். குழாய் வெட்டுவது, ஒட்டுவது, கொமட் இருத்துவது எல்லாம் தனியாகச் செய்வேன். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், "இங்கே லைசென்ஸ் இல்லாமல் குழாயைத் தொட ஏலாது, அங்கேயே ஒரு சேர்ட்டிபிக்கற் எடுத்துவை" என்கிறார். கூலியை விட்டுப் படிக்கப் போனால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்கிறா. நான் கோர்ஸுக்குப் போகவேண்டுமா? எந்த மட்டம் எடுப்பது? அது கனடாவில் செல்லுமா? கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறேன், முதலில் என்ன ஆயுதம் வாங்கலாம்?

பதில்:

தம்பி, கூலியை விடவேண்டாம். பாஸோடு வேலைக்குப் போய்க்கொண்டே என்.வி.கியூ. 4ஆம் மட்டம் வரை போக வழி உண்டு. உங்கள் வீட்டு நிலைமைக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் கைவேலை. எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று பாஸ் சொல்கிறார், நீங்கள் வெட்டுகிறீர்கள். ஏன் அந்த இடம், ஏன் அந்த அளவு என்று நீங்களே சொல்லக்கூடிய நிலைக்கு வந்தால்தான் சான்றிதழும் கிடைக்கும், ஒரு வீட்டைத் தனியாகப் பொறுப்பெடுக்கவும் முடியும். அதனால் பத்திர விஷயத்தை முதலில் முடித்துவிட்டு, அந்த 'ஏன்'களுக்குக் கூடிய இடம் தருகிறேன்.

இலங்கையில் பிளம்பர் ஒருவரின் தகுதியைக் காட்டும் பத்திரம் தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ. மொத்தம் 7 மட்டங்கள். 2, 3, 4 மூன்றும் தொழிலாளருக்குரியவை: 2 என்றால் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேலை செய்வார், 3 என்றால் ஓரளவு மேற்பார்வை போதும், 4 என்றால் தானே திட்டமிட்டுத் தனியே செய்து முடிப்பார். 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிளம்பராகத் தலைநிமிர்ந்து நிற்க 4 வேண்டும். 3ஐ எடுத்துவிட்டு நின்றுவிடுபவர்கள் பலர். ஒப்பந்தகாரரிடமும் வெளிநாட்டு வேலைக்கும் போகும்போது 3க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தில் தெரியும்.

இந்தச் சான்றிதழுக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. ஒன்று, தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ முழுநேரமாகப் படித்து, அதன்பின் வேலைத்தளப் பயிற்சி முடித்து, மதிப்பீட்டுக்குப் போவது. இரண்டாவது, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பயிலுநராகப் பதிவது. நைற்றா என்று சொல்வார்களே, அதுதான். இதில் நீங்கள், வேலை தருபவர், அதிகாரசபை மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவீர்கள். வேலைத்தளத்திலேயே பயிற்சி நடக்கும், செய்த வேலையைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையெழுத்து வாங்கவேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கான முன்கற்றல் அங்கீகாரம், ஆர்.பி.எல். என்பது. வகுப்பு இல்லை, சான்றுகளைக் காட்டி நேரே மதிப்பீட்டுக்கு நிற்கலாம்.

உங்களுக்கு மூன்றாவது பாதை. ஆனால் நாளைக்கே விண்ணப்பிக்க வேண்டாம். இரண்டு வருடம் ஒரே பாஸோடு நின்றவருக்கு வழக்கமாக ஒரு பக்க வேலை நன்றாகத் தெரியும், மறுபக்கம் தெரியாது. குளியலறைக்குள் குழாய் ஓட்டத் தெரிந்தவருக்கு வெளி வடிகாலின் மட்டம் பிடிக்கத் தெரியாது. குளிர்நீர்க் குழாயில் கைதேர்ந்தவர் சுடுநீர்க் குழாயைத் தொட்டே இருக்கமாட்டார். ஆறு மாதமாவது இந்த இடைவெளிகளை நிரப்புங்கள். பகுதிநேர வகுப்போ வார இறுதி வகுப்போ இருக்கிறதா என்று பயிற்சி அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கேளுங்கள். உங்கள் பாஸ் வேலை எடுக்கும் ஒப்பந்தகாரர் பதிவுசெய்த நிறுவனம் வைத்திருப்பவர் என்றால் அவர் பெயரில் நைற்றா ஒப்பந்தம் போட முடியுமா என்றும் விசாரியுங்கள். சாதாரண தரக் கணிதம் இல்லாதது இந்த மட்டங்களுக்குத் தடையாக நிற்பது அரிது. ஆனால் கணக்கு வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. அதைக் கீழே பார்ப்போம்.

தனியார் நிலையங்களில் காசு கட்டுமுன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகி இருப்பது வேறு, அங்கே நடக்கும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. பதிவு மட்டும் உள்ள நிலையம் தன்னுடைய சொந்தச் சான்றிதழைத் தரலாம், என்.வி.கியூ. தர முடியாது. "நாங்கள் அரசாங்கப் பதிவு" என்று சுவரில் தொங்கும் பத்திரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். பிளம்பர் பாடநெறிக்கான தரச்சான்று எங்கே, எந்த மட்டத்துக்கு, எந்தத் திகதி வரை செல்லுபடி என்று மூன்றையும் கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம்.

மதிப்பீட்டில் புள்ளி இல்லை. மதிப்பீட்டாளர்கள் நீங்கள் செய்வதைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், சான்றுக் கோப்பைப் புரட்டுவார்கள். ஒவ்வோர் அலகுக்கும் "தேர்ச்சி உண்டு" அல்லது "இன்னும் இல்லை" என்று முடிவு எழுதுவார்கள். ஓர் அலகில் குறைந்தால் எல்லாமே வீண் என்று பயப்படவேண்டாம், விட்ட அலகைப் பிறகு செய்து காட்டலாம். ஆர்.பி.எல்.லுக்குப் போகிறவர்கள் தடுக்குவது பெரும்பாலும் சான்றுக் கோப்பில்தான். பாஸ் எழுதிய "இவர் நல்ல பொடியன், நன்றாக வேலை செய்வார்" என்ற கடிதத்தால் ஒன்றும் நிரூபணமாகாது.

எனவே இன்றைக்கே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஐந்து விஷயம் எழுதவேண்டும்: திகதி, ஊர், என்ன வேலை, என்ன குழாய் எத்தனை மீற்றர், எத்தனை மணித்தியாலம். "மானிப்பாய், மேல்மாடிக் குளியலறை, 25 மில்லிமீற்றர் யூ.பி.வி.சி. 14 மீற்றர், இரண்டு கேற் வால்வு, அழுத்தம் பார்த்தது, 7 மணித்தியாலம்" என்று இருந்தால் போதும். கிழமைக்கொரு தடவை பாஸிடம் கையெழுத்து. சுவர் பூசுமுன் ஒரு படம், பூசியபின் ஒரு படம், படத்தில் உங்கள் கை வேலை செய்வதாக ஒன்று. முடிந்த வேலையை மட்டும் படமெடுத்தால் அது யார் செய்ததென்று தெரியாது. இந்தக் கொப்பி கனடா விஷயத்திலும் உங்களுக்கு உதவும், அதையும் பிறகு சொல்கிறேன்.

இனி வேலைக்குள் வருவோம்.

ஒட்டு முதலில். தனியாகச் செய்வேன் என்கிறீர்கள். யாழ்ப்பாண வெயிலில் கரைசல் பசை வேகமாகக் காயும். மதியம் ஒரு மணிக்கு மொட்டைமாடியில், சூடேறிய குழாயில் பசை பூசி, எல்போவை (வளைவு மூட்டை) தேடிக்கொண்டு நின்றால் பசையின் மேற்பரப்பு காய்ந்துவிடும். பிறகு தள்ளினால் பாதிதான் ஏறும், அந்த மூட்டு ஆறு மாதத்தில் கசியும். நேராக வெட்டுங்கள், உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பிசிறை அரத்தால் எடுங்கள், தூசு துடையுங்கள். பசை பூசாமலே பொருத்திப் பார்த்து, எவ்வளவு ஏறவேண்டும் என்று பேனையால் அடையாளம் போடுங்கள். பிறகு சொக்கற்றுக்குள், அதாவது குழாய் நுழையும் மூட்டின் வாய்க்குள், மெல்லிய பூச்சு, குழாயில் சற்றுத் தாராளமான பூச்சு, கால் சுற்றுத் திருப்பியபடி அடையாளம் வரை தள்ளி அரை நிமிடம் பிடித்திருங்கள். சொக்கற்றுக்குள் பசையைக் கொட்டுவதும் பிழைதான். உள்ளே வழிந்த பசை குழாய்ச் சுவரை இளக்கும், அந்த இடம் பிறகு அழுத்தத்தில் வெடிக்கும். முழு அழுத்தம் ஏற்ற 24 மணித்தியாலம் பொறுங்கள்.

பித்தளைப் பைப்பை, அதாவது தண்ணீர் திறந்து மூடும் வாயை, பிளாஸ்ரிக் இழைக்குள் திருகும் இடம் இன்னொரு வழக்கமான தவறு. கசிவு தடுக்கும் ரேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுற்றி, றெஞ்ச் போட்டு இறுக்குவார்கள். அன்றைக்குக் கசியாது. பிளாஸ்ரிக் சொக்கற் மெல்ல விரிந்து, ஒரு நாள் இரவில் நீளவாக்கில் பிளக்கும், ரைல்ஸை உடைத்துத்தான் எடுக்கவேண்டி வரும். சுவருக்குள் போகும் கடைசி எல்போ உள்ளே பித்தளை இழை வைத்ததாக இருக்கட்டும். விலை கூடத்தான். ஆனால் ரைல்ஸ் உடைக்கிற கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, அதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். குடிநீருக்கான யூ.பி.வி.சி. குழாய்க்கு இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 147. 'ரைப் 1000' என்றால் 1000 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 10 பார் தாங்கும். 'ரைப் 600' மெல்லியது. இதையே மோட்டரிலிருந்து மேல் தொட்டிக்கு ஏறும் குழாய்க்குப் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. மோட்டர் திடீரென நிற்கும்போது தண்ணீர் திரும்பி அடிக்கும் அடி சாதாரண அழுத்தத்தைவிட எத்தனையோ மடங்கு. மெல்லிய குழாயில் அது ஒவ்வொரு நாளும் விழுகிறது. சுடுநீருக்கு யூ.பி.வி.சி. ஒருபோதும் ஆகாது, இளகித் தொய்யும். சூடு தாங்கும் பிளாஸ்ரிக்கான சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு சூரிய நீர்சூடாக்கி வருவதால் பி.பி.ஆர். ஒட்டத் தெரியாத பிளம்பருக்கு வேலை குறையும். சூட்டுக்கருவி 260 பாகை செல்சியஸ். 20 மில்லிமீற்றர் குழாய்க்கு 5 வினாடி, 25க்கு 7 வினாடி, 32க்கு 8 வினாடி சூடு. எடுத்தவுடன் 4 வினாடிக்குள் நேராகச் சேர்த்துவிடவேண்டும். இங்கே திருப்பக் கூடாது, யூ.பி.வி.சி. ஒட்டிய கை பழக்கத்தில் திருப்பிவிடும், கவனம். அதிக நேரம் சூடாக்கினாலோ அளவுக்கு மேல் தள்ளினாலோ உள்ளே உருகிய வளையம் திரண்டு வழியைப் பாதியாக்கும். வெளியே பார்க்க மூட்டு அழகாக இருக்கும், ஷவரில் தண்ணீர் சொட்டும். பழகும்போது ஒட்டிய துண்டுகளை நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள்.

அடுத்தது கணக்கு. நீங்கள் பயப்படும் கணிதத்தில் இந்தத் தொழிலுக்கு வேண்டியது விகிதம், கனவளவு, அழுத்தம் மூன்றும்தான்.

விகிதம் வடிகாலுக்கு. 110 மில்லிமீற்றர் குழாய்க்கு 40இல் 1 சரிவு என்றால் 5 மீற்றர் ஓட்டத்துக்கு 5,000ஐ 40ஆல் பிரித்து 125 மில்லிமீற்றர் இறக்கம். கொமட்டிலிருந்து மலக்குழித் தொட்டி வரை 12 மீற்றர் என்றால் 300 மில்லிமீற்றர். இந்தக் கணக்கை அத்திவாரம் வெட்டுமுன் போடவேண்டும். வீடு கட்டி முடிந்தபின் தொட்டியின் வாய் உயர்ந்துவிட்டது என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சரிவு குறைந்தால் கழிவு தங்கும். பேசின் கழிவுக்குழாய் நீளமாகவும் செங்குத்தாகவும் போனால் வேறு சிக்கல் வரும்: குழாய் நிரம்பி ஓடும் தண்ணீர் பின்னாலே காற்றை இழுத்து, மணம் மேலே வராமல் தடுக்கும் வளைவான ட்ராப்பில் நிற்கவேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். "புதுக் குளியலறை, ஆனால் மணக்குது" என்று வரும் முறைப்பாடுகளில் ட்ராப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேசினுக்கு 75 மில்லிமீற்றர், கொமட்டுக்கு 50 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர்த் தடை நிற்கவேண்டும். அது உறிஞ்சப்பட்டிருந்தால் வடிகாலுக்குள் காற்று விடும் காற்றுக்குழாய் இல்லை அல்லது பிழையான இடத்தில் இருக்கிறது. உறிஞ்சப்படாமல் காய்ந்திருந்தால் அந்த அறை பாவனையில் இல்லை. வெளிநாட்டுக்காரர் கட்டிப் பூட்டிவைத்த வீடுகளில் இது சாதாரணம், மாதமொருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும்.

கனவளவு தொட்டிக்கு. ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் என்று வைத்தால் 750 லீற்றர், ஆகவே 1,000 லீற்றர் தொட்டி. நிரம்பினால் அது ஒரு தொன். அந்தப் பாரம் சுவருக்கு மேலே வருகிறதா, வெறும் கொங்கிறீட் பிளேற்றின் நடுவில் நிற்கிறதா என்று மேசனிடம் கேட்காமல் தொட்டியை ஏற்றாதீர்கள்.

அழுத்தம் என்பது உயரம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தொட்டியின் அடி ஷவருக்கு 2 மீற்றர் மேலே இருந்தால் 0.2 பார்தான் கிடைக்கும். மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் வேகமில்லை என்பதற்குக் காரணம் இதுதான். குழாயைப் பெருப்பித்தால் இந்த அழுத்தம் கூடாது, ஆனால் ஓட்டத்தில் வீணாகும் பங்கு குறையும். தொட்டியிலிருந்து 32, பிரியும் இடத்தில் 25, பைப்புக்கு 20 என்று இறக்கி வந்தால் சரி. தொட்டி வாயிலிலேயே 20 போட்டுவிட்டுக் கீழே எதைச் செய்தும் பயனில்லை. தொட்டி வால்வைத் தாண்டியவுடன் ஒரு காற்றுக்குழாயை எழுப்பித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே விட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தொட்டி ஒருமுறை காலியாகி நிரம்பும்போது காற்று அடைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே வராது.

மதிப்பீட்டாளர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: "மோட்டர் ஓடுது, தண்ணி வரேல்லை. என்ன பார்ப்பீர்?" மேலே இருந்து உறிஞ்சும் மோட்டருக்குக் காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளித் தருகிறது. கணக்கில் 10.3 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் நம்பக் கூடாது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணற்று மட்டம் இறங்கும்போது போன மாதம் வரை இழுத்த மோட்டர் நிற்பது இதனால்தான். மட்டம் சரி என்றால் மோட்டருக்குத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: விட்ட தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள புட் வால்வு பிடிக்கவில்லை. நின்றும் இழுக்கவில்லை என்றால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது, முதலில் யூனியனை (கழற்றிப் பூட்டும் மூட்டை) பாருங்கள். தண்ணீர் வெளியே கசியாத மூட்டுக்கூட உள்ளே காற்றை இழுக்கும். மோட்டரின் மின்சார இணைப்பு உங்கள் வேலையல்ல. ஈரமான இடம், மின் வேலையாளை அழையுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பிளம்பருக்கு இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் இரண்டு தண்ணீர் கலக்காமல் பார்ப்பது. தாழையடி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் உற்பத்தி செய்யும் அளவு. இதுவரை கிணற்றோடு மட்டும் இருந்த வீடுகளுக்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாயும் வருகிறது. மீற்றர் வரை சபையின் பொறுப்பு, அதற்கு உள்ளே உங்களைப் போன்றவர்கள்தான். சபைக் குழாயை, மோட்டரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரு ரீ (மூவழி மூட்டு) போட்டு இணைத்து, நடுவில் ஒரு கேற் வால்வு வைப்பது மிக எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யவே கூடாது. வால்வை ஒருநாள் யாரோ திறந்து வைப்பார்கள். சபைக் குழாயில் அழுத்தம் குறைந்த நேரத்தில் மோட்டரைப் போட்டால் கிணற்றுத் தண்ணீர் மீற்றரைத் தாண்டி வீதிக் குழாய்க்குள் போகும். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் நிற்பவை, மலக்குழியில் இருந்தும் தோட்டத்து உரத்தில் இருந்தும் ஊறுவது அதற்குள் இலகுவாக வந்து சேரும். ஒரு வீட்டின் கிணற்றுத் தண்ணீரை ஒழுங்கை முழுவதும் குடிக்க வைத்த பிளம்பராக நீங்கள் இருக்கக் கூடாது.

ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நம்முடைய தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு அதன் இருக்கையில் ஏறினால் ஒரு மயிரிழை திறந்தே இருக்கும், அது யாருக்கும் தெரியாது. பாதுகாப்பான வழி காற்று இடைவெளி. இரண்டு குழாயும் தனித்தனியே தொட்டியின் மேற்பக்கத்தால் வரவேண்டும், சபைக் குழாயின் வாய் தொட்டி வழிந்தோடும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில், குறைந்தது 25 மில்லிமீற்றரில் நிற்கவேண்டும். இன்னும் நல்லது இரண்டு தொட்டி: குசினிக்கும் குடிக்கவும் சபைத் தண்ணீர், தோட்டத்துக்கும் கொமட்டுக்கும் கிணறு. சபைக் குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த உறிஞ்சலில் வீதிக் குழாயின் ஒவ்வொரு வெடிப்பும் சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

சோதனை பற்றி ஒரு சொல். சுவர் பூசுமுன் கைப்பம்பால் அழுத்தம் பார்க்காமல் வேலையை ஒப்படைக்கக் கூடாது. மெதுவாக நிரப்பி, உயரமான பைப்புகளைத் திறந்து காற்றை வெளியேற்றி, வழக்கமான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணித்தியாலம் அழுத்த மானியைப் பாருங்கள். உள்ளே காற்று நின்றால் மானி முள் ஆடும், சிறு கசிவு தெரியாமல் போகும். முள் இறங்கினால் சவர்க்கார நுரை தேவையில்லை, மூட்டு மூட்டாக உலர்ந்த துணியைச் சுற்றித் தடவினாலே ஈரம் தெரியும். முடிவை அந்தக் கொப்பியில் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.

இப்போது கனடா. பெரியம்மாவின் மகன் சொன்னது சரி. ஒன்ராறியோவில் பிளம்பர் தொழில் கட்டாய உரிமத் தொழில், குறியீடு 306ஏ. உரிமம் உள்ளவரோ பதிவுசெய்த பயிலுநரோ தவிர வேறு யாரும் செய்ய முடியாது. பயிலுநர் காலம் 9,000 மணித்தியாலம், சாதாரணமாக ஐந்து வருடம். அதில் 8,280 வேலைத்தளத்தில், 720 வகுப்பில். அந்த 720உம் 240 மணித்தியாலமாக மூன்று கட்டம். முடிவில் தகைமைச் சான்றிதழுக்கான பரீட்சை, 70 சதவீதம் எடுக்கவேண்டும். இவற்றை நிர்வகிப்பது ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பு.

உங்கள் என்.வி.கியூ. 4 அங்கே உரிமமாக மாறாது. இதை யாராவது மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் அது வீண் போகாது. வெளிநாட்டில் வேலை செய்தவர் தன் அனுபவம் பயிலுநர் காலத்துக்குச் சமம் என்று நிரூபிக்க, தொழிற் சமநிலை மதிப்பீடு என்று ஒரு வழி உண்டு. அது சரிவந்தால் நேரே பரீட்சைக்கு நிற்கலாம். அதற்குக் கேட்கப்படுவது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை என்று எழுதிய, வேலை தந்தவரின் கடிதங்கள். நாட்கூலிக்கு நிற்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கொப்பியை இன்றே தொடங்கச் சொன்னது இதனால்தான். பாஸ் பின்னாளில் எந்த நாட்டுக்குப் போவார், எங்கே இருப்பார் என்று தெரியாது, கையெழுத்தை அவ்வப்போது வாங்கிவிடுங்கள்.

மணித்தியாலத்தை ஏற்றுக்கொண்டாலும் பரீட்சை வேறு உலகம். ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவையின் 7ஆம் பகுதி பிளம்மிங். செம்புக் குழாயைப் பற்றாசு வைத்து இணைப்பது, பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்ரிக் குழாய், கழிவுக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக் குழாய், உறையாத ஆழத்தில் புதைக்கும் குழாய், ஒவ்வொரு ட்ராப்புக்கும் காற்றுக்குழாய் என்று நீங்கள் இங்கே காணாதவை அதில் வரும். எண்களும் மாறும்: ட்ராப்பில் குறைந்தது 38 மில்லிமீற்றர், 75 மில்லிமீற்றர் வரையான வடிகாலுக்கு 50இல் 1. காரணம் மாறாது. ட்ராப் ஏன் உறிஞ்சப்படுகிறது என்று சுன்னாகத்தில் புரிந்துகொண்டவருக்கு அந்தக் கோவையை வாசிப்பது கடினமில்லை. இங்கே குறுக்கே நிற்பது ஆங்கிலம்தான். தினமும் அரை மணித்தியாலம் பிளம்மிங் சொற்களோடு ஆங்கிலம் வாசியுங்கள். பயிலுநராகவே அங்கே தொடங்க நேர்ந்தாலும் அதை இழப்பாக நினைக்காதீர்கள். அங்கே பயிலுநருக்குச் சம்பளம் உண்டு.

இங்கிலாந்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அங்கும் என்.வி.கியூ. என்று ஒன்று இருக்கிறது, பெயர் ஒன்று, சான்றிதழ் வேறு. சாதாரணக் குழாய் வேலைக்குச் சட்டப்படி உரிமம் கேட்பதில்லை, ஆனால் எரிவாயுவைத் தொடுவதற்கு காஸ் சேஃப் பதிவு கட்டாயம். வளைகுடா நாடுகளுக்கு என்.வி.கியூ. 3உம் 4உம் நன்றாகவே உதவும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் மட்டும் போகவேண்டாம்.

ஆயுதம். முதற்காசில் 14 அங்குலப் பைப் றெஞ்ச் ஒன்று, 10 அங்குலம் ஒன்று. இரண்டும் வேண்டும், ஒன்றால் பிடித்து மற்றதால் திருப்பாவிட்டால் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து திரும்பும். 12 அங்குல ஹக்சோ, அங்குலத்துக்கு 24 பல்லுள்ள அலகுகள். அரைவட்ட அரம். 5 மீற்றர் அளவு நாடா. 600 மில்லிமீற்றர் மட்டப்பலகை. நீண்ட வடிகாலுக்கு மேசன்மார் பாவிப்பது போல 10 மீற்றர், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்ரிக் ரியூப், தண்ணீர் விட்டு மட்டம் பார்க்க. கண்ணுக்குக் கண்ணாடி. அழுத்தம் பார்க்கும் கைப்பம்பு விலை கூடியது, பாஸோடு பங்குக்கு வாங்கலாமா என்று கேளுங்கள். பி.பி.ஆர். சூட்டுக்கருவி வேலை வரும்போது வாடகைக்கு எடுக்கலாம். கிரைண்டர் இப்போது வேண்டாம். அதனால் பி.வி.சி. வெட்டினால் விளிம்பு உருகிக் கோணும், அந்த விளிம்பில் பசை பிடிக்காது.